ஒரே கொசு கடித்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் காய்ச்சல்?

மருத்துவர் பதில்கள்

மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைத் தொடர்ந்து, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பகுதிகளிலிருந்தும், தெற்கே செங்கோட்டை முதல் வடக்கே நீலகிரி வரையிலிருந்தும் வந்த கடிதங்களில் பல மலேரியாவைப் பற்றியவை. நம் எல்லைப்புறத்தில் இந்நோய் இன்று அரிதாகிவிட்டது; ஆனால் வேலைக்காக ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களுக்குச் சென்று திரும்புவோரும், வடமாநிலங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வருவோரும் பெருகியிருப்பதால் கேள்விகள் மட்டும் குறையவில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் மலேரியாவை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் அமைந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். என் மகன் ஒடிசாவில் கோராபுட் பக்கம் சாலை வேலையில் மேற்பார்வையாளராக இருந்தான். சென்ற மழைக்காலத்தில் மலேரியா கண்டு, நினைவு தப்பும் நிலைக்குப் போய்ப் பிழைத்து வந்தான். அதே முகாமில் தூங்கிய உள்ளூர்த் தொழிலாளர்கள் சிலருடைய இரத்தத்திலும் மலேரியாக் கிருமி இருந்ததாம்; ஆனால் அவர்கள் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. அவர்களுக்கு வெள்ளை அணுக்கள் அதிகமா? என் மகனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?
(வாசகி, கம்பம்)

பதில்: அம்மா, உங்கள் மகனுடைய உடலில் குறை எதுவும் இல்லை. அவருடைய வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் அந்தத் தொழிலாளர்களுடையதும் நோய்க்கு முன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கும். அவர்கள் பிறந்த நாள் முதல் அந்தக் கிருமியோடு வாழ்ந்தவர்கள். உங்கள் மகன் அதை முதன்முறையாகச் சந்தித்தவர். இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை விளக்கக் கொசு கடித்த கணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அனோஃபிலிஸ் இனப் பெண் கொசு கடிக்கும்போது, அதன் உமிழ்நீரோடு நீண்டு மெலிந்த கிருமிகள் சில தோலுக்குள் இறங்குகின்றன. பெரும்பாலும் அவை நூற்றுக்கும் குறைவானவையே. அவற்றுள் தப்பிப் பிழைப்பவை இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, அதன் செல்களுக்குள் புகுந்து, மலேரியாக் கிருமிகளுள் மிகக் கடுமையான ஃபால்சிபாரம் வகையானால் ஏறத்தாழ ஒரு வாரம், எந்த அறிகுறியும் காட்டாமல் வளர்கின்றன. அங்கிருந்து வெளிவரும்போது ஒவ்வொன்றும் பல்லாயிரமாகப் பெருகியிருக்கும். அதன்பின், சிவப்பணுவுக்குள் புகுவது, 48 மணி நேரத்தில் 8 முதல் 32 வரையாகப் பெருகுவது, அந்த அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த அணுவுக்குள் புகுவது என்ற சுழற்சி தொடங்குகிறது. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து சிதறும் கழிவுப் பொருள்களைக் கண்டறிந்த மோனோசைட், மேக்ரோஃபேஜ் ஆகிய வெள்ளை அணுக்கள் டிஎன்எஃப் முதலிய வேதிப்பொருள்களைச் சுரக்க, அவை மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டுவதால் உடல் சுடுகிறது. காய்ச்சலே ஒருவகையில் வெள்ளை அணுக்களின் வேலைதான் என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

முதன்முறை தாக்குண்டவரின் உடலில் உடனடியாகச் செயற்படக்கூடியவை, எந்தக் கிருமி வந்தாலும் ஒரே விதமாக எதிர்வினை காட்டுகிற இத்தகைய பொதுவான அணுக்கள் மட்டுமே. அவை கிருமியை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அவை அளவு மீறிச் சுரக்கும் பொருள்கள் உடலுக்கே கேடாகவும் முடிகின்றன. மூளை மலேரியாவில் நினைவு தப்புவதற்கு, கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொள்வது முதற்காரணம் என்றால், இந்த மிகையான எதிர்வினை அதற்குத் துணைக்காரணம்.

குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள், அதாவது ஆய்வகங்களில் ஆன்டிபாடி என்று குறிப்பிடப்படும் புரதம், பி லிம்போசைட் என்னும் வெள்ளை அணு வகையிலிருந்து உருவாகிறது. பலவகை பி அணுக்களுள் அந்தக் கிருமிக்குப் பொருந்தக்கூடிய சிலவற்றைத் தேர்ந்து, டி லிம்போசைட்டுகளின் துணையோடு பெருக்கி, அவற்றை எதிர்ப்பொருள் சுரக்கும் நிலைக்குக் கொண்டுவர முதற்சந்திப்பில் ஒன்றிரண்டு வாரங்களாவது ஆகும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பல மடங்காகும் ஃபால்சிபாரம், அவ்வளவு நாள் காத்திருக்க விடுவதில்லை.

கோராபுட்டின் மலைக்கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் இந்த எதிர்ப்பொருள்கள் முன்னரே ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றுள் சில, சிவப்பணுவுக்குள் நுழையவரும் கிருமியின் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டு நுழைவைத் தடுக்கின்றன. சில, கிருமி புகுந்த அணுக்களின் மேல் படிந்து, விழுங்கும் வெள்ளை அணுக்களுக்கு அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றன. வேறு சில, அந்த அணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டாதபடி செய்கின்றன. இத்தனை நடந்தும் கிருமி முற்றிலும் ஒழிவதில்லை. காய்ச்சல் வராத அளவுக்குக் குறைந்து, இரத்தத்தில் தங்கியிருக்கிறது. மலேரியாவைப் பொறுத்தவரை எதிர்ப்பாற்றல் என்பதற்கு இதற்கு மேற்பட்ட பொருள் இல்லை என்பதை இந்தப் பக்கங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் காவலுக்கு எதிர்ப்பொருளே முக்கியக் காரணம் என்பது 1961ஆம் ஆண்டு மெய்ப்பிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கோஹன், மெக்ரிகர், கேரிங்டன் ஆகிய ஆய்வாளர்கள், மலேரியாவோடு வாழ்ந்து பழகிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து காமா குளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, மலேரியாவால் படுத்திருந்த குழந்தைகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். சில நாட்களில் குழந்தைகளின் இரத்தத்திலிருந்த கிருமிகள் பெருமளவு குறைந்து, காய்ச்சலும் தணிந்தது. மருந்து எதுவும் இல்லாமல், ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த எதிர்ப்பொருளை இன்னொருவர் கடனாகப் பெற்றுப் பிழைக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் கண்கூடாகக் கண்டது.

ஒரு முறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் காக்கும் அம்மை நோயைப் போல மலேரியா ஏன் இல்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபால்சிபாரம் கிருமி, தான் புகுந்த சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒரு புரதத்தை நிறுத்திவைக்கிறது. அந்தப் புரதத்தை வெவ்வேறு வடிவங்களில் ஆக்குவதற்கென்றே அதனிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு வடிவத்துக்கு உடல் எதிர்ப்பொருள் செய்து முடிக்கும்போது, வேறு வடிவத்தை அணிந்த கிருமிகள் தலையெடுத்துவிடுகின்றன. ஊரில் உலவும் வடிவங்களுள் பெரும்பாலானவற்றை ஒருவரது உடல் கற்று முடிக்கப் பல ஆண்டுகள், பல காய்ச்சல்கள் தேவைப்படுகின்றன. அந்தக் கல்விக்கான விலையைக் கொடுப்பவர்கள் குழந்தைகள். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். எனவே அந்தத் தொழிலாளர்களைப் பார்த்து யாரும் ஏங்க வேண்டியதில்லை.

அவர்கள் நலமாகத் தோன்றுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவர்களைக் கடிக்கும் கொசு அந்தக் கிருமியை அடுத்தவருக்கு எடுத்துச் செல்கிறது. ஒடிசா அரசு 2017 முதல் நடத்திவரும் தமன் என்ற திட்டத்தில், எளிதில் சென்றடைய முடியாத ஊர்களில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் இரத்தம் பார்த்து மருந்து கொடுப்பது இதனால்தான்.

உங்கள் மகனிடம் இப்போது சில எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும். கம்பத்திலேயே தங்கியிருந்தால் அவை மெல்ல மங்கிவிடும். இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளில் பாதி ஏறத்தாழ மூன்று வாரங்களில் அழிகிறது, புதிதாகச் சுரக்கும் அணுக்களும் தூண்டுதல் இன்றி நெடுநாள் நீடிப்பதில்லை. மீண்டும் அவர் அங்கே வேலைக்குப் போவதானால், முன்பு வந்துவிட்டது என்ற துணிவோடு போகக்கூடாது. கொசுவலையும், போவதற்கு முன் தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரின் ஆலோசனையும் தேவை.

கேள்வி: வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கும் என்று பள்ளியில் படித்தோம். மலேரியாக் கிருமி இரத்தத்திலேயே இருக்கும்போது அவை ஏன் அதை விழுங்கித் தீர்த்துவிடவில்லை?
(ஏலத்தோட்டக் கணக்கர், குமுளி)

பதில்: கிருமி இரத்தத்தில் இருந்தாலும் வெளிப்படையாக இருப்பதில்லை. ஒரு சிவப்பணுவை விட்டு அடுத்ததற்குள் புகுவதற்கு இடைப்பட்ட, ஒரு நிமிடம் அளவிலான சிறு பொழுதில் மட்டுமே அது திறந்த வெளியில் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் நம் சொந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது.

அது குடியிருக்கத் தேர்ந்த அணுவும் சாதாரணமானதன்று. உடலின் ஏனைய செல்கள் தமக்குள் நடப்பதன் துணுக்குகளைத் தம் மேற்புறத்தில் ஏந்திக் காட்டும் ஏற்பாடு உடையவை. அதைப் பார்த்துத்தான் கொல்லும் வகை டி லிம்போசைட்டுகள் நோயுற்ற செல்லை இனங்கண்டு அழிக்கின்றன. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, இந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே கல்லீரலில் இருக்கும்போது கிருமியை அழிக்கத் தெரிந்த அதே டி அணுக்கள், அது சிவப்பணுவுக்குள் வந்தபின் அதைக் காணாமல் கடந்து செல்கின்றன. கல்லீரல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் காய்ச்சலே வராது. ஆனால் கோடிக்கணக்கான கல்லீரல் செல்களுக்கு இடையே பதுங்கிய சிலவற்றை ஒரே வாரத்துக்குள் தேடிப் பிடிப்பது எளிதன்று.

சிவப்பணுக் கட்டத்தில் கிருமிக்கு உண்மையான தடையாக இருப்பது மண்ணீரல். உங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டியும் நின்று சோதிக்கப்பட்டுச் செல்வதைப்போல, சிவப்பணுக்கள் மண்ணீரலின் மிகக் குறுகிய பிளவுகளின் வழியே நெளிந்து கடந்தாக வேண்டும். நலமான சிவப்பணு வளைந்து நெளிந்து போய்விடும். கிருமி புகுந்தது விறைத்துப்போயிருப்பதால் மாட்டிக்கொள்ள, அங்கே குவிந்துள்ள மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்குகின்றன. நெடுநாள் மலேரியாவில் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தென்படுவது இந்த ஓயாத வேலையின் விளைவு. விபத்தினாலோ வேறு காரணத்தாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு மலேரியா மிகக் கடுமையாக வருவதும் இதே காரணத்தால்தான்.

ஃபால்சிபாரம் இந்தச் சோதனையையும் தவிர்க்க வழி வைத்திருக்கிறது. நான் முந்தைய பதிலில் குறிப்பிட்ட, வடிவம் மாறும் அந்தப் புரதம், கிருமி புகுந்த சிவப்பணுவை நுண்குழாய்களின் சுவரில் ஒட்டவைக்கிறது. ஒட்டிக்கொண்ட அணு மண்ணீரல் பக்கமே போவதில்லை. அந்தப் பிடியைத் தளர்த்துவது எதிர்ப்பொருள். விழுங்குவதற்கு முன் வெள்ளை அணுவுக்கு அடையாளம் காட்டுவதும் எதிர்ப்பொருள். ஆப்பிரிக்கப் பெரியவர்களின் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, அது தனியாகக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்பதும், மோனோசைட்டுகளையும் உடன் சேர்த்தபோது நன்றாகவே தடுத்தது என்பதும் தெரியவந்தன. செல்லா, சீரம் என்னும் இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியிலுள்ள பொருளா, எது நம்மைக் காக்கிறது என்று நூறாண்டுக்கு முன் அறிஞர்கள் இரு அணிகளாக நின்று வாதிட்டார்கள். விழுங்கும் அணுக்களைக் கண்டறிந்த மெக்னிகோஃபுக்கும் எதிர்ப்பொருள் கோட்பாட்டை வகுத்த எர்லிக்குக்கும் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்தளித்தது எவ்வளவு பொருத்தமானது என்பதை மலேரியாவைப் போல் விளக்கும் நோய் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: என் கணவருக்கு மலேரியா உறுதியான அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 3,800, தட்டணுக்கள் 70,000 என்று இருந்தன. எதிர்ப்புச் சக்தி விழுந்துவிட்டது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச்சாறும் கொடுத்தால் வெள்ளை அணு ஏறுமா?
(வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: பெரியவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. மலேரியாவில் அவை இயல்பாகவோ சற்றுக் குறைந்தோ இருப்பது வழக்கம். அணுக்கள் பெருமளவு அழிந்துபோவதால் இந்தக் குறைவு ஏற்படுவதில்லை. ஓடும் இரத்தத்தை விட்டு மண்ணீரலுக்கும் குழாய்ச் சுவர் ஓரங்களுக்கும் அவை வேலையின் பொருட்டு நகர்ந்துவிடுகின்றன. நாம் ஊசியில் எடுப்பது ஓடும் இரத்தத்தை மட்டும் என்பதால் எண்ணிக்கை குறைந்து தெரிகிறது. தட்டணுக் குறைவும் மலேரியாவில் மிகவும் பொதுவானது. பெரும்பாலும் இரத்தக்கசிவு இல்லாமல், கிருமியை ஒழிக்கும் மருந்து தொடங்கிய சில நாட்களில் தானாகவே ஏறிவிடும். அந்தத் தாளில் மருத்துவர் முதலில் பார்ப்பது கிருமி எந்த வகை, எத்தனை விழுக்காடு சிவப்பணுக்களில் உள்ளது, சிறுநீரகமும் சர்க்கரை அளவும் எப்படி இருக்கின்றன என்பவற்றைத்தான்.

நிலவேம்பையோ பப்பாளி இலையையோ மலேரியா மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது. முதலில் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் கழிப்பது, ஃபால்சிபாரம் மலேரியாவில் ஒரு முழுப் பெருக்கச் சுழற்சியை அனுமதிப்பதாகும்.

கேள்வி: முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது எத்தனையோ பேர் காய்ச்சலில் இறந்ததாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தும் எதிர்ப்பாற்றல் ஏன் வரவில்லை?
(ஆசிரியர், லோயர் கேம்ப்)

பதில்: 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் தலைமையில் நடந்த அந்தப் பணியில் மலேரியாவும் காலராவும் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கின என்பது உண்மை. சமவெளியிலிருந்து வந்த தொழிலாளர்களிடம் அந்தக் காட்டுக் கிருமிகளுக்குரிய எதிர்ப்பொருள் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் குடிசை போட்டுத் தங்கியதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொசு எளிதாகக் கொண்டுசென்றது. எதிர்ப்பாற்றல் உருவாகப் பல ஆண்டுகள் தேவை என்று மேலே சொன்னதை இங்கே நினைவுகொள்ளுங்கள். புதிதாக ஆள் வருவதும் பழையவர் ஊர் திரும்புவதுமாக இருக்கும் கட்டுமான முகாமில் அந்த ஆண்டுகள் யாருக்கும் வாய்ப்பதில்லை.

கொசுதான் காரணம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று. அணை திறக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டில் நீலகிரியின் சீகூர் மலைச்சரிவில் ஆய்வுக்குச் சென்ற ராஸையும் மலேரியா தாக்கியது.

கேள்வி: எங்கள் பகுதியில் அரிவாள் செல் நோய் உள்ள குடும்பங்கள் பல. அந்த நோய் உள்ளவர்களுக்கு மலேரியா வராது என்பது உண்மையா? அவர்களுடைய வெள்ளை அணுக்கள் வேறுபட்டவையா?
(சுகாதாரப் பணியாளர், கூடலூர், நீலகிரி)

பதில்: சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது; வேறுபாடு சிவப்பணுவில் இருக்கிறது. தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்றவர்களுக்கு நோய் பொதுவாக வெளிப்படுவதில்லை; அவர்களுக்கு ஃபால்சிபாரம் மலேரியா கடுமையாவது மிகவும் குறைவு என்பதை 1954இல் ஆப்பிரிக்காவில் ஆந்தனி அலிசன் நிறுவினார். அவர்களின் சிவப்பணுவில் கிருமி நன்றாக வளர்வதில்லை. கிருமி புகுந்த அணு எளிதில் உருக்குலைந்து மண்ணீரலில் விழுங்கப்படுகிறது. அந்த அளவில் வெள்ளை அணுக்களின் பங்கும் இதில் உண்டு. ஆனால் கிருமித் தொற்றே வராது என்று கொள்ளக்கூடாது. மேலும், இரு பெற்றோரிடமிருந்தும் மரபணுவைப் பெற்று, அரிவாள் செல் நோயோடு வாழ்பவர்களுக்கு இந்தப் பயன் பொருந்தாது. அவர்களுடைய மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துவிடுவதால், மலேரியா வந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் விளையும் தீங்கை நீங்கள் களத்தில் கண்டிருப்பீர்கள்.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது உங்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடையே, 1952இல், லேமன், கட்புஷ் ஆகியோரின் ஆய்வில்தான். மலேரியா பல தலைமுறைகளாக ஆட்டிப்படைத்த காட்டுப் பகுதிகளில் இந்த மரபணு மிகுந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

கேள்வி: மங்களூரில் வேலை பார்த்தபோது எனக்கு விவாக்ஸ் மலேரியா வந்து குணமானது. ஊருக்கு வந்து நான்கு மாதம் கழித்து, இங்கே யாருக்கும் இல்லாதபோது, எனக்கு மட்டும் மறுபடியும் வந்தது. முதல்முறை உண்டான எதிர்ப்பொருள் என்ன ஆயிற்று?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: மலேரியாக் கிருமியின் இன்னொரு வகையான விவாக்ஸில் ஒரு பகுதி கல்லீரல் செல்லுக்குள் வளராமல் உறங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து இரத்தத்துக்கு வரும். எதிர்ப்பொருள் செல்லுக்குள் நுழைவதில்லை; உறங்கும் கிருமி தன்னைக் காட்டிக்கொள்ளும் அளவுக்கு எதையும் வெளியிடாததால் டி அணுக்களும் அதைக் கவனிப்பதில்லை. வெள்ளை அணுக்கள் தோற்பது இங்கேதான். உறங்கும் கிருமியை அழிக்க 14 நாள் ப்ரைமாக்வின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிடுவதால் பலர் அதை நடுவில் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் பழைய சீட்டைக் காட்டி வாங்கி விழுங்காதீர்கள்.

கேள்வி: என் மகள் முதல் கர்ப்பம், நான்காம் மாதம். மருமகன் சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் பணியில் இருக்கிறார். அங்கே போய் இருக்கலாமா? தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போகும் என்கிறார்களே?
(வாசகி, செங்கோட்டை)

பதில்: தாயிடம் இருக்கும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியே குழந்தைக்குப் போவதும், பிறந்தபின் ஏறத்தாழ ஆறு மாதம் வரை ஓரளவு காப்பதும் உண்மை. மலேரியாவே இல்லாத ஊரில் வளர்ந்த உங்கள் மகளிடம் கொடுப்பதற்கு மலேரியா எதிர்ப்பொருள் எதுவும் இருக்காது.

முதல் கர்ப்பம் என்பதில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுக்கள், நஞ்சுக்கொடியில் மட்டும் காணப்படும் ஒரு பொருளில் ஒட்டிக்கொள்வதற்கென்றே தனி வடிவப் புரதத்தை அணிகின்றன. கர்ப்பம் தரிக்கும் வரை எந்தப் பெண்ணின் உடலும் அந்த வடிவத்தைச் சந்தித்திருக்காது. அதனால் மலேரியா மிகுந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் முதல் கர்ப்பத்தில் காவலற்றவர்களாகிறார்கள். அடுத்தடுத்த கர்ப்பங்களில் அதற்குரிய எதிர்ப்பொருள் உருவாகி ஆபத்து குறைகிறது. நஞ்சுக்கொடியில் கிருமி தங்கினால் தாய்க்குக் கடும் இரத்தசோகையும், குழந்தைக்கு எடைக்குறைவும், கருச்சிதைவும் நேரலாம். குழந்தை பிறந்து தேறும் வரை மகள் உங்களோடு இருப்பதே நல்லது. மருமகன் விடுப்பில் வந்து பார்த்துச் செல்லட்டும்.

கேள்வி: புனேயில் மலேரியா தடுப்பூசி செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. உடலே கற்க முடியாததை ஊசி எப்படிக் கற்பிக்கும்? நமக்கு ஏன் போடவில்லை?
(கல்லூரி மாணவர், உத்தமபாளையம்)

பதில்: நல்ல கேள்வி. ஒரு கடியில் வரும் கிருமிகள் மிகச் சில. அவை கல்லீரலை அடைய எடுத்துக்கொள்ளும் நேரமும் சிறிது. அந்த இடைவெளியில் இயற்கையாக உடல் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. எக்ஸ் கதிரால் வலுவிழக்கச் செய்த கிருமிகளைச் செலுத்தினால் எலிகள் காக்கப்படுகின்றன என்று 1967இல் ரூத் நுஸ்ஸென்ஸ்வைக் குழுவினர் காட்டியது முதல், அந்தக் கட்டத்துக் கிருமியின் மேற்பூச்சுப் புரதம் ஆய்வாளர்களின் இலக்காயிற்று. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும், 2023 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசியும் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை மிக அதிக அளவில் உண்டாக்குகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஆர்21ஐத் தயாரிப்பது புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிட்யூட். கிருமி கல்லீரலுக்குள் போவதற்கு முன் பிடிப்பது என்ற ஒரே உத்திதான் இரண்டிலும்; ஒன்றிரண்டு தப்பினாலும் காய்ச்சல் வரும் என்பதால்தான் இத்தனை எதிர்ப்பொருள் தேவைப்படுகிறது. அது குறையக் குறையக் காவலும் குறைவதால் நான்கு தவணைகள் போடப்படுகின்றன.

இன்னொரு வழி, அந்த எதிர்ப்பொருளையே ஆய்வகத்தில் செய்து நேரடியாகச் செலுத்துவது. மாலி நாட்டில் பெரியவர்களிடையே நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அத்தகைய ஓர் எதிர்ப்பொருளை ஒரே ஒரு முறை உயர் அளவில் செலுத்தியபோது, ஆறு மாத மலேரியாப் பருவம் முழுவதும் தொற்று 88 விழுக்காடு குறைந்தது. காம்பியாவில் 1961இல் கடனாக வாங்கிய எதிர்ப்பொருளை இன்று செய்தே கொடுக்கிறார்கள்.

இப்போதுள்ள தடுப்பூசிகள் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை, மலேரியா மிகுந்த இடங்களில் வாழும் குழந்தைகளுக்கானவை, விவாக்ஸைத் தடுப்பதில்லை. நம் நாட்டில் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் அவை இல்லை. 2027க்குள் உள்நாட்டில் பரவும் மலேரியாவை இல்லாமலாக்குவது என்று இந்தியா வைத்துள்ள இலக்குக்கு, கொசு ஒழிப்பும் விரைந்த இரத்தப் பரிசோதனையுமே அடிப்படை. ஒருபுறம் மலேரியா குறையக் குறைய மறுபுறம் மக்களிடம் எதிர்ப்பொருளும் மறைந்துகொண்டிருக்கும் என்பதைத் திட்டமிடுவோர் மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. கண்காணிப்பைத் தளர்த்திய ஊரில் திரும்பிவரும் மலேரியா, முன்பைவிடக் கடுமையாகத் தாக்கும்.

கேள்வி: மலேரியா குணமாகி மூன்று வாரம் ஆகிறது. துரிதப் பரிசோதனைப் பட்டையில் இன்னமும் கோடு விழுகிறது. அது எதிர்ப்பொருளைக் காட்டுகிறதா? நான் இரத்ததானம் செய்யலாமா?
(வாசகர், புளியரை)

பதில்: அந்தப் பட்டை காட்டுவது கிருமியின் புரதத்தை, உங்கள் எதிர்ப்பொருளை அன்று. ஃபால்சிபாரம் வெளியிடும் ஒரு புரதம், கிருமி இறந்த பின்னும் சில வாரங்கள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ச்சல் இல்லை என்றால், கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி உண்டா இல்லையா என்பதை அது சொல்லிவிடும். எதிர்ப்பொருளைக் கண்டறியும் பரிசோதனை வேறு. அது முன்பு எப்போதாவது தொற்று வந்ததா என்பதைச் சொல்லுமே தவிர, இப்போதைய நோயைக் கண்டறிய உதவாது.

இரத்ததானத்துக்கு, முழுச் சிகிச்சை முடிந்து குணமானதிலிருந்து 3 மாதம் பொறுத்திருங்கள். முகாமில் படிவம் நிரப்பும்போது மலேரியா வந்ததை மறைக்காமல் குறிப்பிடுங்கள். ஓரளவு எதிர்ப்பொருள் உள்ள ஒருவரின் இரத்தத்தில், நுண்ணோக்கிக்கும் தென்படாத அளவில் கிருமி அடங்கியிருக்கக்கூடும். சேமிப்பு இரத்தத்தில் அது பல நாட்கள் உயிரோடு இருக்கும். பெற்றுக்கொள்பவரோ நோயாளி, அவரிடம் அதற்குரிய எதிர்ப்பொருளும் இருக்காது. இவ்வழியில் வரும் மலேரியா கல்லீரலைத் தொடாமல் நேரே சிவப்பணுவில் தொடங்குவதால் உறங்கும் கிருமி உருவாவதில்லை. எனவே விவாக்ஸ் ஆனாலும் அவருக்கு 14 நாள் ப்ரைமாக்வின் தேவைப்படாது.